பூபுவின் நாற்காலி

எங்கள் வக்கீல் அலுவலகம் மாடியில். கீழே பூபுவின் வாடகைப் பாத்திரக் கடை. கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எது நடந்தாலும் அண்டா, குண்டான், கரண்டி, பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகும். சண்டை போட்டுக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் மாடிப்படி ஏற வேண்டுமானால் பூபு கடையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு வாய்த்த பெரிய துரதிர்ஷ்டம் அது. பாதிப் பேர் மாடிக்கு வந்து சேரவே மாட்டார்கள்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. உருதுவில் அத்தையைப் பூபு என்பார்கள். அண்ணன் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டது கடைக்கு மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒட்டி, பிறகு தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. கோயில் கமிட்டித் தலைவரும் பூபு என்பார், சர்ச் ஃபாதரும் பூபு என்பார். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள்கூட வெட்கமில்லாமல் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் எல்லாரையும் மருமக்களாகவே நினைத்து அதட்டினார்.

குள்ளமான உருவம். நூல் புடவை, தலையில் முக்காடு, அது சிரிக்கும்போதெல்லாம் நழுவும். அடிக்கடி சிரிப்பதால் அடிக்கடி நழுவும். டீயில் சர்க்கரை மூன்று கரண்டி. உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான் ஒருநாள் நினைவுபடுத்தினேன். "ஊரைச் சுத்தி கரும்பு. சர்க்கரைய கம்மி பண்ணிக்கினா வெளையவெக்கிறவன் மனசு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டுவிட்டு நான்காவது கரண்டியைப் போட்டுக்கொண்டார்.

கல்லாவுக்குப் பின்னால் அவருக்கென்று ஓர் இரும்பு நாற்காலி இருந்தது. பச்சை பெயிண்ட் உதிர்ந்து, உட்கார்ந்தால் முனகும். அந்த நாற்காலியில் உட்காராத தப்புக்காரன் எங்கள் ஊரில் கம்மி.

விஷயம் இதுதான். வாடகைக்குப் போன அண்டா ஒன்று ஒடுக்கு விழுந்து திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கடைகளில் என்ன செய்வார்கள்? கத்துவார்கள், அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார்கள், கொண்டுவந்தவன் எதிர்க்கத்து கத்துவான். பூபு கத்த மாட்டார். எழுந்து கல்லாவுக்கு முன்னால் வருவார். வந்தவனைப் பின்னால் அனுப்பித் தன் நாற்காலியில் உட்கார வைப்பார்.

"இப்ப நீதான் பூபு. இந்தக் கடை உன்னுது. நான்தான் நீ. ஒடுக்கு விழுந்த அண்டாவ எடுத்தாந்துக்கிறன். என்னைத் திட்டு."

வந்தவன் இளிப்பான். "விடுங்க பூபு, எதுக்கு இதெல்லாம்..."

அதற்குள் இவர் ஆரம்பித்துவிடுவார். அவன் நடை, அவன் குரல், அவன் லுங்கியைத் தூக்கிக் கட்டும் விதம் எல்லாம் அப்படியே வரும். "பூபு, இது குடுக்கறப்பவே ஒடுக்காதான் இருந்துச்சி பூபு. எம் மச்சான் பாத்தான் பூபு. மச்சான் இப்ப திருப்பூர்ல இருக்கான் பூபு." கடையில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நாற்காலியில் இருப்பவனுக்கு முதலில் வெட்கம் வரும், அப்புறம் நிஜமாகவே கோபம் வந்துவிடும். "இன்னாங்க இது, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? எம் பாத்திரம் எனக்குத் தெரியாதா?" என்று அவனே தன்னைத் திட்டுவான். திட்டி முடித்ததும் அவனே எழுந்து வந்து, "வண்டியில ஏத்தறப்ப கீழ வுட்டுட்டன் பூபு" என்பான். "ஆமா, அதான்" என்று பூபு தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் விசாரணை. ஒடுக்கு எடுக்கிற பட்டறைக்கு அவனே அண்டாவைச் சுமந்துகொண்டு போவான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொன்னார். ஒருமுறை மாமியாரோடு சண்டை போட்டபோது வந்தது என்றார். இன்னொரு முறை, காய்ச்சலில் படுத்திருந்த வீட்டுக்காரருக்குப் பதிலாக அவர் குரலில் கடன்காரனிடம் பேசப்போய் வந்தது என்றார். எது நிஜமோ, எனக்குத் தெரியாது. எல்லாமே நன்றாக இருந்தன.

ஒரு சமையல் மாஸ்டர் இருந்தார். கை மணம் சின்னசேலம் வரைக்கும் பேர் வாங்கினது. கை நீளமும் அதே அளவுக்கு. ஒவ்வொரு கல்யாணத்திலும் பூபு கடை ஜல்லிக் கரண்டி ஒன்று காணாமல் போகும். பூபு அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மாஸ்டர் ஆள் கில்லாடி. பூபுவாக மாறி, துண்டையே முக்காடாகப் போட்டுக்கொண்டு, "அந்த மாஸ்டரா? சேச்சே, தங்கமான மனுசன்" என்றார். பூபு விடவில்லை. மாஸ்டராக மாறி, இடுப்பு வேட்டிக்குள் கரண்டியைச் செருகிக்கொண்டு, அது குத்துவதால் ஒரு மாதிரி விறைப்பாக நடந்து, முதலாளியிடம் கூலி கேட்கக் குனிய முடியாமல் நின்று காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டருக்கும் தாங்கவில்லை. மறுநாள் ஒரு சாக்கு நிறையக் கரண்டி கொண்டுவந்து இறக்கினார். பூபு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இதுல பாதி என்னுது இல்ல."

"தெரியும் பூபு. யாருது எதுன்னு எனக்கே மறந்துபூடுச்சி."

"அப்ப தூக்கிக்கினு கெளம்பு. ஒவ்வொரு கடையா போய் உக்காரு."

மாஸ்டர் போனார். ஊரிலிருக்கும் எல்லாப் பாத்திரக் கடைக்கும் போனார். போன இடத்தில் திட்டும் வாங்கினார், இரண்டு கடைகளில் டீயும் வாங்கினார். அதற்குப் பிறகு எல்லாக் கடைக்காரர்களும் வேலை என்று வந்தால் அவரையே கைகாட்டினார்கள்.

ஆனால் எதற்கெடுத்தாலும் நாற்காலியைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை பூபு. ஒருநாள் முகம் வீங்கிப் போய் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே புருஷன். படியில் அவளை மறித்து, "கோர்ட்டு எதுக்கு? பூபு, அந்த நாற்காலியப் போடுங்க. பேசித் தீத்துக்கறோம்" என்றான். அன்றைக்குத்தான் பூபு சிரிக்காமல் பேசிப் பார்த்தேன்.

"அவ தெனமும் உன் நாற்காலியிலதான்டா உக்காந்துக்கினு இருக்கா. உனக்கு எப்ப கோவம் வரும், இன்னா சமைச்சா அடிக்க மாட்ட, உன் மனசையே நெனச்சிக்கினு. இன்னும் அவ உன்னாட்டம் பேசிக் காட்டணுமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "குமாஸ்தா, இது என் வேலை இல்ல. உன் வேலை. இட்டுக்கினு போ" என்றார். அந்தப் பெண் படியேறி முடிக்கும்வரை படியின் குறுக்கே நின்றார். குள்ளமான அந்த உருவத்தைத் தாண்டி ஒருவனாலும் ஏறியிருக்க முடியாது. எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை பெரியது.

இப்போது ஏழுமலையின் கரும்புக்கு வருகிறேன்.

ஏழுமலை கச்சிராயபாளையத்துக்காரர். கோமுகி அணைத் தண்ணீர் பாயும் பக்கம் நிலம். தை மாதக் கடைசியில் ஒருநாள் காலையில், கடை திறக்கும் நேரத்துக்கே வந்துவிட்டார். சட்டையெல்லாம் புகை நாற்றம். கண் சிவந்திருந்தது. மாசியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அண்டா, குண்டான், சாமியானா எல்லாம் பூபு கடையில்தான் சொல்லி வைத்திருந்தார்.

"பூபும்மா, எதுவும் வேணாம். வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றார். சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்த்தார். "வக்கீல் இருக்காருங்களா?"

நான் அப்போதுதான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "இருக்கார், வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பூபு அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ சொல்லிவிட்டார். என் பிழைப்பு அப்படி.

நடந்தது இது. ஏழுமலை நிலத்துக்கு அடுத்த நிலம் கோவிந்தனுடையது. இளவயதுக்காரன், கல்யாணமாகி ஒரு குழந்தை, ஏழுமலையை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். முந்தின வாரம் தன் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டான். வெட்டின பிறகு நிலத்தில் காய்ந்த கரும்புத் தோகை கிடக்கும், சோகை என்பார்கள். அதைக் கொளுத்திவிட்டுத்தான், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். காற்றில்லாத நேரம் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கொளுத்துவார்கள். கோவிந்தன் முந்தின நாள் யாரையும் கூப்பிடாமல் மத்தியானத்தில் கொளுத்தினான். மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. வெட்டுக்குத் தயாராக நின்ற ஏழுமலையின் கரும்பில் தீ ஏறிவிட்டது. கோவிந்தன் ஓடிவிட்டான்.

"அந்தக் கரும்பு வெட்டித்தான் கண்ணாலம்" என்றார் ஏழுமலை. "தீப்பட்ட கரும்ப நாளைக்குள்ள வெட்டி ஏத்தலன்னா சாறும் போச்சி, எடையும் போச்சி. வெட்டுக்கு ஆள் எங்க? அவனவன் கரும்புல இருக்கான். அந்தப் பையன உள்ள தள்ளாம வுட மாட்டன்."

"தள்ளு" என்றார் பூபு. "குமாஸ்தா இங்கயேதான் இருப்பான். எங்கயும் ஓடிட மாட்டான். கரும்புதான் இருக்காது. கேஸ் போடறதுக்கு முந்தி அவன ஒருக்கா பாக்கறியா? வேணாம்னா மேல ஏறு, நான் தடுக்கல."

ஏழுமலை டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வர மாட்டான்" என்றார். "வந்தா கேக்கறதுக்கு ஒன்னு இருக்குது."

கோவிந்தன் நைனார்பாளையத்தில் அக்கா வீட்டில் பதுங்கியிருப்பதை பூபு எப்படியோ கண்டுபிடித்தார். பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த அக்காவின் வளைகாப்புக்குப் பாத்திரம் இவர் கடையிலிருந்துதான் போயிருந்தது. போனில் கூப்பிட்டார். "உன்னப் புடிச்சிக் குடுக்கறதுக்கு இல்ல. உன் மாமன் ஒன்னு கேக்கணுமாம். வந்தா உக்காரலாம், வராட்டி மேல கேஸ் எழுதறாங்க. ரெண்டும் உனக்குச் சொல்லிட்டன்." அதோடு வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். எதிர்ச்சாரியில் நின்று கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பஸ் ஒன்று குறுக்கே வந்து போன பிறகும் அங்கேயே நின்றான். பூபு போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முன்கையில் தீக்காயம் இருந்தது. கொஞ்சம் அணைக்கப் பார்த்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏழுமலை அவனைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த வேகத்தில் நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். நான் பெரிய தைரியசாலி இல்லை, வேறு ஆள் இல்லாததால் நின்றேன்.

"ஏழுமலை, நீ அந்த நாற்காலிக்கு வா. கோவிந்தா, நீ மாமன் உக்காந்த எடத்துல உக்காரு" என்றார் பூபு. பிறகு ஏழுமலையின் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கோவிந்தன் தோளில் போட்டார். புகை வாசம் அடித்த துண்டு. அவன் முகம் மாறியது.

"இப்ப நீ ஏழுமலை. நேத்து உனக்கு இன்னா ஆச்சின்னு சொல்லு. ஏழுமலை 'ஆமா, அதான்'னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

கோவிந்தன் ஆரம்பித்தான். "நான் ஏழுமலைங்க. எங் கரும்பு எரிஞ்சிபூடுச்சி."

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வருசம் பூரா தண்ணி கட்டி, களை எடுத்து, சோகை உரிச்சி... எல்லாம் கருகிப்பூடுச்சி."

இல்லை என்று தலையை ஆட்டினார் ஏழுமலை.

"பொண்ணு கண்ணாலம் நின்னுபூடும். சம்பந்திக்கு இன்னா பதில் சொல்றது?"

ஏழுமலை அவன் பக்கம் திரும்பினார். ஆனாலும் இல்லை என்றுதான் தலையாட்டினார்.

"வேற இன்னா மாமா?" என்றான் கோவிந்தன், அழுகிற மாதிரி.

"அவர ஏன் கேக்கற? நீதான் அவரு" என்றார் பூபு.

அண்டா எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் அப்படியே நின்றுவிட்டது. கோவிந்தன் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் மோட்டார் கொட்டாயில படுத்துக்கினு இருந்தன்..."

"படுக்கல. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தன்" என்றார் ஏழுமலை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தன். பொக வாசம் வந்துச்சி. ஓடியாந்து பாத்தா எங் கரும்பு எரியுது. அந்தப் பையன் வரப்பு மேல ஓடறான். கோவிந்தா, கோவிந்தான்னு கூப்டறன். திரும்பிப் பாக்கறான். என்னப் பாத்துட்டும் ஓடறான். மோட்டாரு ஓடிக்கினுதான் இருந்துச்சி. ஒரு கொரல் குடுத்திருந்தான்னா ரெண்டு பேரும் சேந்து பாதிய அணைச்சிருப்பம். சின்ன வயசுல இருந்து எங்க வூட்ல சோறு துன்ன பையன், என்னப் பாத்து ஓடறானே..."

"ஆமா" என்றார் ஏழுமலை. "அதான்."

கண்ணைத் துடைக்கத் தோளில் கையை வைத்தார். துண்டு அங்கே இல்லை. கோவிந்தன் எழுந்து வந்து துண்டைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேஸ் போனதற்காக இல்லை என்று சத்தியம் செய்கிறேன்.

அடுத்து ஏழுமலையின் முறை. அவர் கோவிந்தனாக மாறிப் பேச வேண்டும். பூபு கண்ணைக் காட்டினார். ஏழுமலை வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"என்னால முடியாது பூபும்மா. நான் ஓடல. ஓடனவனாட்டம் நான் எப்படிப் பேசறது?"

பூபு வற்புறுத்துவார் என்று நினைத்தேன். அவர், "வரலன்னா வுடு. இது ஒன்னும் தண்டன இல்ல. உன் பொருள் போயிருக்குது, உனக்கு எப்ப வருதோ அப்ப வரட்டும்" என்றார். பிறகு கையைத் தட்டினார். "எழுந்திரிங்க ரெண்டு பேரும். கரும்பு காயுது. கோவிந்தா, உன்னால இன்னா முடியும், சொல்லு."

"மலையில எனக்கு ஆள் தெரியும். எங் கரும்பு வெட்டனவங்க. இட்டாறன்" என்றான். "கொறையறதுக்கு எங் கட்டக் கரும்புல பங்கு குடுத்துடறன் மாமா."

ஏழுமலை அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "சரின்னு சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு நான் தூது. சொன்னேன்.

அவர்கள் போன பிறகு பூபு முனகும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாதிதான் ஆயிருக்குது குமாஸ்தா" என்றார்.

கோவிந்தன் அன்றைக்கே வெள்ளிமலைப் பக்கம் வண்டியில் போய் வெட்டு ஆட்களைப் பேசி, விடியும்போது ஒரு டெம்போ நிறையக் கூட்டிவந்துவிட்டான். ஆலைக்காரர்கள் கையைக் காலைப் பிடித்து உடனே லாரிக்கு ஏற்பாடு பண்ணினார் ஏழுமலை. பூபு ஓர் அண்டாவும் அரிசி மூட்டையும் நம்ம ஜல்லிக் கரண்டி மாஸ்டரையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். என்னையும் ஏறச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு போனது என் தப்பு. எரிந்த கரும்பை வெட்டினால் கரி பறக்கும். ஒரு மணி நேரத்தில் அங்கே வெள்ளை என்று சொல்ல எல்லாருடைய பல்லும்தான் இருந்தது. யார் ஏழுமலை, யார் கோவிந்தன் என்று தெரியாமல் நான் ஒருவர் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிட்டேன். மலைப் பெண்கள் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பூபு அவர்களோடு சேர்ந்து, நான் கரும்புக் கட்டு தூக்குகிற அழகை நடித்துக் காட்டினார். நான் கட்டைத் தூக்குகிறேனா, கட்டு என்னைத் தூக்குகிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி செய்தார். சோறு வெந்ததும் எல்லாரும் வாய்க்கால் கரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அவ்வளவு பசியோடு எப்போதும் சாப்பிட்டதில்லை.

சாயந்திரத்துக்குள் கரும்பு ஏறிவிட்டது. எடை கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் கல்யாணம் நிற்கவில்லை.

ஏழுமலையும் கோவிந்தனும் அன்று முழுவதும் நிலத்தின் இரண்டு ஓரத்தில்தான் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் நேராகப் பேச்சில்லை. கோவிந்தன் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "நான்தான் கொளுத்தனன், நான்தான் ஓடனன்" என்று தானே சொன்னான். அப்படியும் ஊர் விடுமா? தீக்குச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் மனைவி குழந்தையோடு கடைத்தெருவுக்குப் போனால், தீக்குச்சி வீட்டுக்காரி வருகிறாள் என்று காதுபடச் சொன்னார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அக்கா ஊருக்கே போய்விடலாமா என்று அவன் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். பூபுவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் சொன்னன், பாதின்னு" என்றார். சிரிக்கவில்லை, டீயையும் பாதியில் வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு ஏழுமலை பத்திரிகை வைத்தார். கோவிந்தன் வீட்டிலும் வைத்தார், ஆனால் அவன் இல்லாத நேரம் பார்த்து. அவன் வருவானா என்று எங்களுக்குச் சந்தேகம். அன்று காலையில் பாத்திரம் இறக்குகிற இடத்தில் போய்ப் பார்த்தால், எல்லாருக்கும் முன்னால் அவன்தான் அண்டாவை உருட்டிக்கொண்டிருந்தான். "பந்தியில நிக்கறன் பூபும்மா. முன்னாடி வர மாட்டன்" என்றான். பூபு அவன் கையில் பாயச வாளியைக் கொடுத்தார். எதையும் யோசிக்காமல்தான் கொடுத்த மாதிரி இருந்தது. பூபு யோசிக்காமல் எதையும் செய்து நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி. எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளைக்குத் தாத்தா முறை, கட்டையான குரல். கோவிந்தன் எங்கள் இலைக்கு வந்தான். பெரியவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"ஏம்பா, சம்பந்தி கரும்பக் கொளுத்திட்டு ஓடன ஆளு நீதான? தீக்குச்சியோ இன்னாவோ சொல்றாங்களே?"

குரல் பந்தி முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கோவிந்தன் கரண்டியை வாளிக்குள் விட்டபடி நின்றுவிட்டான். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். மறுபடியும் ஓடப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஆமாங்க. நான்தான்."

சொன்னது கோவிந்தன் இல்லை. பின்னாலிருந்து பட்டு வேட்டியோடு ஏழுமலை வந்து நின்றார்.

"உங்களக் கேக்கல சம்பந்தி, இந்தப் பையன..."

"நான்தாங்க" என்றார் ஏழுமலை. "சோகையக் கொளுத்தனன். காத்து திரும்பிச்சி. மொதல்ல கையாலயே அணைக்கப் பாத்தன், கை வெந்துபூடுச்சி. எங்க மாமன் கூப்டாரு. திரும்பிப் பாத்தன்." அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. "அடிப்பாருன்னு பயம் இல்லங்க. அவரு என்ன அடிச்சதே இல்ல. எங் கண்ணு முன்னாடி அழுதுடுவாரோன்னு பயம். அதப் பாக்க முடியாமதான் ஓடிட்டன்."

சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பூபு முக்காட்டு முனையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கோவிந்தன் ஏழுமலையையே பார்த்தான். "ஆமா மாமா" என்றான். "அதான்."

ஏழுமலை அவன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். கரண்டியை அவனிடமே விட்டார். ஒருவர் வாளி பிடிக்க, ஒருவர் ஊற்ற, எங்கள் இலைகளை முடித்துக்கொண்டு இரண்டு பேரும் அடுத்த இலைக்கு நகர்ந்தார்கள். எங்கள் இலையில் பாதிப் பாயசம் சோற்றில் சிந்தியிருந்தது.

பெரியவர் குழம்பிப்போய் என் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க வக்கீல் ஆபீசுன்னு சொன்னாங்களே. கடைசில யாருதாங்க கொளுத்தனது?"

முதல் குற்றவாளி யார், இரண்டாம் குற்றவாளி யார் என்று எழுதி எழுதியே பிழைத்தவன் நான்.

"பாயசம் ஆறிடப் போவுது. சாப்புடுங்க" என்றேன்.